கட்டுச்சோறும் களி உருண்டையும்

ஏழாம் மாதக் கட்டுச்சோற்றோடு மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக மனைவியுடன் இளம்பிள்ளை ஊருக்கு வந்த அர்த்தநாரி, சம்பந்தி வீட்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

கூடத்தில் ஆண்கள் இலை போட்டு வெள்ளைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நிறைவயிற்றோடு அவர் மகள் வசந்தாமணி மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து வட்டிலில் ராகிக் களி தின்றுகொண்டிருந்தாள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை.

"என்ன கண்ணு இது?"

"களிதானுங்கப்பா."

அர்த்தநாரிக்குத் தலை கொதித்தது. அவருக்கு இருப்பது இவள் ஒருத்திதான். இவளுக்குப் பின் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் மூன்று மாதம் தாண்டவில்லை.

களியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்திரண்டாம் வருஷம் கள்ளுக்கடை மறியலில் பிடிபட்டுப் பத்து மாதம் ஜெயிலில் இருந்தார். தினமும் தகரத் தட்டில் அதைத்தான் போட்டார்கள், மண்ணும் புழுவுமாக. வெளியே வந்த அன்றே சொல்லிவிட்டார், இனி என் வீட்டில் களி வேகக் கூடாது என்று. இருபது வருஷமாக வேகவில்லை.

சம்பந்தியம்மாள் மாரக்காள் சொம்புத் தண்ணீரோடு வந்தாள். "வாங்க சம்மந்தி. வாங்கக்கா."

"தண்ணி கெடக்கட்டும். வெள்ளைக்காரன் எனக்குப் போட்டதை நீங்க எம்பொண்ணுக்குப் போடறீங்களா?"

"வயித்துல இருக்கற புள்ளைக்கு நல்லதுங்க."

"அத்தனை நல்லதுன்னா மாப்பிள்ளைக்கும் போடறதுதானே? அவரு இலையில மட்டும் மல்லிப்பூவாட்டம் சோறு!"

"அவனா புள்ளை பெறப் போறான்?"

இலையில் உட்கார்ந்திருந்த யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று இருமினார்கள்.

அர்த்தநாரி மகளிடம் திரும்பினார். "கெளம்பு சாமி. நம்ம ஊட்டுக்குப் போலாம். அங்க உனக்கு மூணு வேளையும் நெல்லுச்சோறு."

"அனுப்பறதா இல்லைங்க" என்றாள் மாரக்காள். "பிரசவம் இங்கதான்."

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்பாத மாமியாரை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அர்த்தநாரி தோள்துண்டை உதறினார். போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தபோதும் பின்வாங்காத மனிதர் அவர்.

"ஊர்க் கூட்டத்தைக் கூட்டுவேன். நோட்டீஸ் அடிச்சு ஊரூரா ஒட்டுவேன். இந்த அர்த்தநாரி யாருன்னு தெரியாது உங்களுக்கு!"

"நோட்டீஸ் தானுங்களே? எங்கிட்டயே ஒண்ணு இருக்குதுங்க."

மாரக்காள் மாடத்திலிருந்து மடித்த மஞ்சள் காகிதம் ஒன்றை எடுத்து மருமகளிடம் நீட்டினாள். "எனக்கு எழுத்துத் தெரியாது. இவதான் படிச்சுச் சொல்லுவா. படி சாமி."

வசந்தாமணி தலை நிமிராமல் படித்தாள்.

"தவிடு நீக்கிய மில் அரிசியில் உயிர்ச்சத்து இல்லை. கர்ப்பிணிக்கு அந்தச் சத்து குறைந்தால் அவள் பாலும் சத்தற்றுப் போகும். சிசு மூன்று மாதத்துக்குள் வீங்கி மாண்டு போகலாம். கர்ப்பிணிகளுக்குக் கேழ்வரகும் கீரையும் கைக்குத்தல் அரிசியும் கொடுங்கள். வெள்ளைச் சோற்று மோகத்தில் வம்சத்தை அழிக்காதீர்கள். இப்படிக்கு, தேச ஊழியன் அர்த்தநாரி."

இலையில் இருந்தவர்கள் அர்த்தநாரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் ஒருவரிடம் கேட்டு அவரே எழுதியதுதான். சேலத்தில், ராசிபுரத்தில், திருச்செங்கோட்டில் என்று ஆயிரம் பிரதி கொடுத்திருக்கிறார். தன் வீட்டுச் சமையலறைக்கு ஒன்று கொடுத்ததாக அவருக்கு நினைவில்லை.

"இதை யாரு உங்களுக்குக் குடுத்தது?"

"நாந்தானுங்க."

குரல் பின்னாலிருந்து வந்தது. கட்டுச்சோற்றுக் கூடையை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றிருந்தாள் அவர் மனைவி தெய்வநாயகி. அவருக்கு எதிரில் நாலு பேர் முன்னால் அவள் வாய் திறந்ததே இல்லை.

"நீங்க எழுதறப்போ வாய்விட்டுப் படிச்சுப் பார்த்தீங்களே, அப்பக் கேட்டேன். புள்ளையை அனுப்ப வேண்டாம்னு இவங்க கையைப் புடிச்சு அழுததும் நாந்தானுங்க."

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

"நீங்க ஜெயிலுக்குப் போறப்போ வயித்துல இருந்தவ இவ. நெல்லு வாங்க வக்கில்லாம நான் களியும் கீரையும்தான் தின்னேன். இவ பொழைச்சா."

தெய்வநாயகி கூடையை மெல்லக் கீழே இறக்கினாள். உள்ளே வெள்ளை வெளேரென்று ஏழு வகைச் சோறு.

"மத்த ரெண்டுக்கும் உங்க உத்தரவுப்படி இதைத்தானுங்க தின்னேன்."