எந்த நிலையில் இருந்தாலும்

நைனா முகம்மதுவின் கடை வாசலில் கருப்பம்மாள் செருப்பைக் கழற்றினாள். தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

யாரும் கழற்றச் சொல்லவில்லை. வாசலில் வேறு செருப்பும் இல்லை. தீபாவளிக் கூட்டம் மொத்தமும் அந்தப் புது டைல்ஸ் தரையில் செருப்போடுதான் நடந்துகொண்டிருந்தது.

ஆனால் அவளுடையவை பதினெட்டு வருசம் பட்டாசுக் கம்பெனியின் மருந்து அறைக்குள் போய்வந்த கால்கள். மருந்து இருக்கும் இடத்துக்கு வெறுங்காலோடுதான் போகும். செருப்பு தெருவைப் பார்த்து இருந்தால் ஓடி வரும்போது மாட்டிக்கொள்ள வசதியாம். அப்படி மாட்டிக்கொண்டு ஓடியவரை அவள் இதுவரை பார்த்ததில்லை.

கடையின் பின்சுவரே தெரியவில்லை. பழைய டிவிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. 'எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளப்படும்' என்று மேலே பேனர். ஆனைக்குட்டம், வெம்பக்கோட்டை, தாயில்பட்டி என்று போனஸ் வாங்கிய ஊரெல்லாம் அந்த வாரம் பழசைத் தூக்கிக்கொண்டு சிவகாசிக்கு வந்து, புதுசோடு திரும்பியிருந்தது.

அடுக்கின் ஓரத்தில், நேற்று அவள் கொடுத்துவிட்டுப் போன பெட்டி இருந்தது. மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி.

அதற்குள் நாலு கிலோ வெடிமருந்தும் வெடிக்கு வைக்கிற கருந்திரி ஒரு கட்டும் இருந்தது நேற்று அவளுக்குத் தெரியாது.

அவள் புருசன் ரத்தினசாமி லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வெடி சுற்றுகிறவர். சோதனைக்கு வருகிற அதிகாரிகள் தானியக் குலுக்கையைத் திறப்பார்கள், கோழிக்கூண்டைக் கவிழ்ப்பார்கள். படம் விழாத டிவியை எவரும் திறந்ததில்லை. நேற்று இரவு வேலை முடிந்து வந்தவர், அந்த இடத்தில் கலர் டிவியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்தோசம் என்று நினைத்துக்கொண்டு அவள் காபி போடப் போனாள். காபியோடு வந்தபோதுதான் உள்ளே என்ன இருந்தது என்று சொன்னார்.

அந்தப் பெட்டியை மடியில் வைத்துத்தான் நேற்று பஸ்ஸில் வந்திருந்தாள். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு பீடி குடித்தார்.

பேரம் பேசும்போது, "தூக்கிப் பாருங்க பாயி, இப்ப வர்ற டிவியில இந்தக் கனம் இருக்கா?" என்று அதன் தலையில் ஓங்கி நாலு தட்டும் தட்டியிருந்தாள். கனத்துக்கென்று நைனா கொஞ்சம் கூட்டித்தான் கொடுத்தார்.

இப்போது அடுக்குக்குக் கீழே மேசை போட்டு மெக்கானிக் நேசகுமார் உட்கார்ந்திருந்தான். ஈயம் பற்றவைக்கும் கம்பி புகைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியாக இறக்கி, பின்மூடியைக் கழற்றி, தேறுவதைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவளுடைய பெட்டிக்கு முன்னால் இன்னும் இரண்டுதான் பாக்கி.

"பாயி, எம் பழைய டிவியத் திருப்பித் தாங்க."

நைனாவுக்குச் சிரிப்பு வந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு வருகிறவர் முகத்தைப் பார்க்காதே, பொருளைப் பார் என்று அவருடைய வாப்பா சொல்லியிருந்தார். பொருளைப் பார்த்தார்.

"உள்ள நகைநட்டு எதுவும் மறந்து வச்சிட்டீகளா தாயி? அடுத்தவுக பொருள் நமக்கு ஆகாது. நேசகுமாரு, அந்த மரக்கதவுப் பெட்டிய இங்கன இறக்குப்பா, இவுக கண்ணு முன்னாலயே தெறந்து பாத்திருவோம்."

நேசகுமார் எழுந்தான். ஒரு கையில் திருப்புளி. மறு கையில் கம்பி; அதைக் கீழே வைக்க மறந்திருந்தான்.

உண்மையைச் சொன்னால் ரத்தினசாமிக்கு ஜெயில். சொல்லாவிட்டால் கடையே இருக்காது. அவளே எதிர்பாராமல், வாயில் வேறொன்று வந்தது.

"தெறக்காதீக பாயி. எங்க மாமியா அது முன்னால உக்காந்தமேனிக்கே உசுர விட்டவுக. நேத்துக் கனாவுல வந்து கேக்காக. அது இருக்கிற எடம் வெளங்காதுன்னு கோடாங்கி குறி சொல்லிட்டான்."

மாமியார் அந்த நேரம் புது டிவி முன்னால் சம்மணம் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதுலயெல்லாம் நமக்கு நம்பிக்கை கிடையாது தாயி" என்றார் நைனா. சொல்லும்போதே அவர் கை, பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சாடை காட்டிவிட்டது. அவர் நம்பாவிட்டால் என்ன, சீசனுக்கு வரும் கூட்டம் நம்புமே.

எக்ஸ்சேஞ்சில் கழித்த தொகையைத் திருப்பிக் கேட்டார், கூடவே ஐம்பது ரூபாய் அலைச்சல் கூலி. தோட்டை அடகு வைத்துக் கொண்டுவந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தாள்.

நைனா பணத்தை எண்ணவில்லை. அவளையே பார்த்தார். பேரம் பேசாத பொம்பளையைக் கண்டால் எந்த வியாபாரிக்கும் சந்தேகம் வரும்.

"மெல்ல வைங்க அண்ணே" என்றாள் நேசகுமாரிடம். கம்பியை மேசையில் போட்டுவிட்டு அவன் பெட்டியைத் தூக்கி அவள் தலையில் வைத்தான். திரும்பிப் போய் அடுத்த பெட்டியை இறக்கினான்.

கருப்பம்மாள் காலைத் தேய்க்காமல், குலுங்காமல் நடந்தாள். பஸ்ஸில் ஏறக் கூடாது. ஊருணி வரை நடந்து, தண்ணீரில் முக்கிவிட வேண்டும். பெட்டியோடு.

வாசலுக்கு வந்து, குனிய முடியாததால் காலாலேயே செருப்பைத் துழாவினாள். வேறு யாருடைய செருப்பிலோ விரல் இடித்தது. கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தாள்.

அவள் ஜோடிக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று ஜோடி கிடந்தன.

மூன்றும் தெருவைப் பார்த்து.