கேத்தலா, கம்ப்யூட்டரா?

"ஒண்ணு இந்த வீட்டுல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்," என்றாள் புஷ்பவல்லி.

'அது' என்றால் ஹால் மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டர். கிள்ளான் துறைமுகத்தில் கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் கமலநாதன் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். புஷ்பவல்லி அதற்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி.

மகன் வாசு அம்மா கட்சி.

"அப்பா, அத ஆன் பண்ணிட்டு நான் குளிச்சிட்டே வந்துட்டேன். இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. சனிக்கிழமை பழைய பேப்பர் லோரி வரும்ல, ஏத்தி விட்டுடலாம். உங்களுக்கு ஒரு டேப்லட் வாங்கித் தரேன்."

கமலநாதனின் முகம் சுண்டிப்போனது.

பத்துமலையில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் குழுவுக்கு அவர்தான் செயலாளர். நோட்டீஸ், அழைப்பு எல்லாம் இந்தப் பெட்டியில்தான் அடிப்பார். டேப்லட்டில் அவருடைய தடித்த விரலுக்கு ஓர் எழுத்துகூட ஒழுங்காக அகப்படாது. பெட்டி போனால் பதவியும் போய்விடும். ஆபீஸ் இல்லாத மனுஷனுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு பதவிதான்.

"கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. டிஸ்க் சிதறிக் கெடக்கு, அவ்வளவுதான். டிஃப்ராக் பண்ணிட்டா பிச்சிக்கிட்டு ஓடும்," என்றார்.

"அப்படின்னா என்ன மாமா?" என்று கேட்டாள் மருமகள் ஷாமினி.

"ஒரே ஃபைல துண்டு துண்டா அங்கங்க போட்டு வெச்சிருக்கும்மா. தேடி எடுக்க நேரமாவுது. நம்ம அடுப்படியில டப்பா ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம் கெடக்குதே, அது மாதிரி. எல்லாத்தையும் ஒண்ணு சேர்த்து அடுக்குறதுதான் டிஃப்ராக்."

புஷ்பவல்லிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"என் அடுப்படியவா இழுக்குறீங்க? சரி லா. சனிக்கிழமை காலைல நான் விசில் கேத்தல்ல தண்ணி ஊத்தி அடுப்புல வெப்பேன். நீங்க உங்க பெட்டிய ஆன் பண்ணுங்க. விசில் அடிக்கிறதுக்குள்ள உங்க பந்தல் நோட்டீஸ் அதுல தெரியணும். தெரியலன்னா லோரிதான்."

கட்டிய பெண்டாட்டியே இப்படிக் கழுத்தைப் பிடித்தால் மனுஷன் யாரிடம் போய்ச் சொல்வார்?

கமலநாதன் களத்தில் இறங்கினார். முதலில் இறக்கிய இலவச சாஃப்ட்வேர், டிஸ்க்கை அடுக்குவதை விட்டுவிட்டு அரைகுறை உடையில் ஒரு பெண்ணைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தியது. சரியாக அந்த நேரம் பார்த்து புஷ்பவல்லி துடைப்பத்தோடு வந்தாள்.

"ஓ, இதுதான் அடுக்குறதா?"

இரண்டாவது சாஃப்ட்வேர் பாதி வேலையில் நின்று கிரெடிட் கார்டு நம்பர் கேட்டது. மூன்றாவது, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பந்தல் தோழர் நாகையா போனில் சொன்னது. விளம்பரம் இல்லை, காசு இல்லை. ஆனால் டிஸ்க்கில் காலி இடம் போதாது என்றது. ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்த கரோக்கே பாட்டுகளை மனசைக் கல்லாக்கிக்கொண்டு அழித்தார்.

வெள்ளிக்கிழமை ராகு காலம் கழிந்ததும் சாமியைக் கும்பிட்டு பட்டனை அழுத்தினார்.

"யாரும் கிட்ட வராதீங்க. சுவிட்ச்ல கை வெக்காதீங்க."

திரை முழுக்கச் சிதறிக் கிடந்த சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நீலமாகி, வரிசையில் போய் உட்கார்ந்தன. சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரிசை நிரம்பும்போதெல்லாம் தன்னை மறந்து சிரித்தார். சாயங்காலம் ஒரு சிவப்புக் கட்டம்கூட மிச்சமில்லை.

சனிக்கிழமை காலை. பக்கத்துத் தெருவில் பேப்பர் லோரியின் ஒலிபெருக்கி கேட்டது. வாசு கேட்டைத் திறந்து வைத்துவிட்டு வந்தான்.

"கேத்தல் வெச்சாச்சு," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

கமலநாதன் பெட்டியை ஆன் செய்தார். விசிறி உறுமியது. திரை கறுப்பாகவே நின்றது.

"தண்ணி சூடாவுது," என்றாள் புஷ்பவல்லி.

திரை நீலமானது. படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நோட்டீஸ் ஃபைலைத் தட்டினார். வட்டம் சுற்றியது.

லோரி அவர்கள் தெருவுக்குள் திரும்பியது.

"கொதிக்கப் போவுது. விசில் அடிக்கப் போவுது," என்றாள் புஷ்பவல்லி, ஈவு இரக்கமே இல்லாமல்.

வட்டம் மறைந்தது. மேலே வேல், கீழே கொட்டை எழுத்தில் 'தண்ணீர்ப் பந்தல்' என்று நோட்டீஸ் பளிச்சென்று வந்து நின்றது.

கமலநாதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இரண்டு கையும் மேலே போயிருந்தன.

"பாத்தியா லா வாசு? பாத்தியா?"

வாசுவுக்கே ஆச்சரியம்தான். முன்னைக்கு இப்போது எவ்வளவோ வேகம். வாசலில் வந்து நின்ற லோரிக்காரரிடம் "தக் அடா, பாஸ்" என்று, ஏற்ற ஒன்றும் இல்லை என்பதுபோல் கையை விரித்து அனுப்பிவிட்டு வந்தான். கமலநாதன் அதற்குள் நாகையாவுக்குப் போன் போட்டு, "ஜெயிச்சுட்டேன் லா, ஜெயிச்சுட்டேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

"புஷ்பா, தோத்துட்ட. மரியாதையா அந்தத் தண்ணியில டீ கலக்கிக் கொண்டா."

"வரேன், வரேன். ரொம்ப ஆடாதீங்க," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

ஷாமினி டீயை வாங்கிவர அடுப்படிக்குப் போனாள்.

"கலக்கியாச்சா அத்தை?"

புஷ்பவல்லி ஹால் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"நேத்து அவரு சிரிச்சத பாத்தியா? வேலைய விட்டு நின்னதுல இருந்து அப்படி சிரிச்சு நான் பாக்கவே இல்லம்மா. அவருகிட்ட சொல்லிடாத."

"எதை அத்தை?"

புஷ்பவல்லி தீப்பெட்டியை எடுத்தாள். கேத்தல் இருந்த அடுப்பை அன்று காலையில் முதல் தடவையாகப் பற்ற வைத்தாள்.