மார்ச் பதினாலு

"எடுத்த எடுப்பில புதுசப் போட ஏலா மாமா. உள்ளுக்குக் கிடக்கிற ஒவ்வொண்டும் எப்ப போட்டதெண்டு பாக்கணும். திகதி பாக்காமப் போட்டா ஒண்டும் ஓடாது."

மசூர் கம்ப்யூட்டருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டான். கல்முனையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவன், வேலையில் அவனுக்கு அவசரமே கிடையாது. பின்னால் நின்ற மீராசாவுக்குத்தான் கால் தரிக்கவில்லை.

மீராசாவின் மகன் றிஸ்மியைப் படைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு நாள். இந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, பெப்ரவரியில், பஸ் நிலையச் சுவரெல்லாம் அவர்களைத் திட்டி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் எழுத்தின் வடிவமும் இந்த அச்சுக் கடையில் றிஸ்மி அடிக்கிற கலியாண அட்டை எழுத்தின் வடிவமும் ஒன்றுதான் என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போல, நாளைக் காலையில் கம்ப்யூட்டரையும் எடுக்க வருகிறார்களாம்.

அதைக் கேள்விப்பட்டதும் கூப்பிடாமலே ஓடி வந்தவன் மசூர் ஒருவன்தான். றிஸ்மியின் மற்றக் கூட்டாளிகள் இந்தத் தெருப்பக்கம் தலைகாட்டவே இல்லை.

"விண்டோஸ் தொண்ணூத்தெட்டப் போட்டு எல்லாத்தையும் புதுசாக்கிருவம் மாமா. பழசு ஒண்டும் மிஞ்சாது. வந்து என்னத்தத் தேடப் போறாங்க?"

ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தான். "விண்டோஸ், தொண்ணூத்தாறு யூலை. பக்கம் கட்டுற புரோகிராம், தொண்ணூத்தேழு. தமிழ் எழுத்து..." திரைக்குக் கிட்டக் குனிந்தான். "இந்த வருசம் மார்ச் பதினாலு."

"என்ன மகன், அதில கரைச்சலா?"

"இல்ல மாமா. இதுதான் கடைசியாப் போட்டது. மத்ததெல்லாம் பழசு."

"அந்த எழுத்தாலதானே புள்ள மாட்டுப்பட்டான். எங்கால எடுத்தானோ."

மசூர் திரையை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. "கொழும்பில இருந்து வந்திரிக்கும்."

மீராசாவின் நெஞ்சை ஒரு கேள்வி பதினொரு நாளாக அரித்துக்கொண்டிருந்தது. றிஸ்மிதான் அந்த நோட்டீஸை அடித்திருப்பானோ? பெற்றவன் நினைக்கக் கூடாத நினைப்பு. ஆனாலும் வெட்கம் கெட்டு வந்து வந்து நின்றது.

"அழிக்கட்டா மாமா? அழிச்சாத் திரும்ப எடுக்க ஏலா."

"அழி மகன். ஒண்டும் மிச்சம் வெக்காத."

பின்னேரம் அஸருக்குத் தொடங்கிய வேலை, பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது முடிந்தது. மகனுக்காக யாசீன் ஓதி ஓதித் தொண்டை கட்டிப்போன தாய் றபீக்கா, மசூருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"எங்கட புள்ளைக்கு நீ செஞ்ச உதவிக்கு அல்லாஹ் உனக்குக் கூலி தருவான் மகன்."

அவன் குனிந்த தலை நிமிராமல் கோப்பையை எடுத்தான்.

டெலிபோன் அடித்தது. சட்டத்தரணி அழகரெத்தினம். அன்று பின்னேரம்தான் முகாமில் றிஸ்மியைப் பார்க்க அவரை விட்டிருந்தார்கள்.

"ஹாஜியார், நல்ல செய்தி. நோட்டீஸ் ஒட்டினது பெப்ரவரியில. அந்த எழுத்த றிஸ்மி போட்டது மார்ச்சிலதானாம். போட்ட திகதி கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்குமாம். அதக் காட்டினாப் போதும், பொடியன வெளிய எடுத்திரலாம். ஆரையும் அதில கை வைக்க விட வேணாம்."

மீராசா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். திரையில் எல்லாம் புத்தம் புதிதாக, அன்றையத் திகதியோடு நின்றது.

"கேக்குதா ஹாஜியார்? பெப்ரவரியில அந்த எழுத்து கல்முனையில ஒரே ஒரு ஆளிட்டதான் இருந்ததாம். அவரிட்ட இருந்துதான் றிஸ்மியும் எடுத்தவராம்."

"ஆரிட்ட?"

"மசூர் எண்டு ஒரு கூட்டாளியாம். உங்களுக்கு ஆளைத் தெரியுமா?"