தொற்றாத

மெட்டி இரண்டையும் தட்டில் வைத்துத் தள்ளினார் வீரப்பப் பத்தர்.

"வீட்டுல போயிப் போட்டுக்கிருங்க" என்றார், அம்மாக்கண்ணுவின் முகத்தைப் பாராமல்.

மற்றப் பெண்களுக்கெல்லாம் அவரேதான் காலைப் பிடித்து, விரலுக்குத் தக்கபடி வெள்ளியை நெருக்கிப் போட்டுவிடுவார். காரைக்குடிப் பட்டறைகளில் அதுதான் வழக்கம்.

விடிந்தால் மகள் கல்யாணம். மெட்டி ஏறினால்தான் பந்தலில் தாயாக நிற்க முடியும். அம்மாக்கண்ணுவின் கைவிரல்களோ மடங்கிப்போனவை. எதையும் நெருக்க வராது. வீட்டில் அவள் காலைத் தொட ஆளில்லை.

தொழுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு சொல். "இது இனித் தொற்றாத நோய்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொட்டாலும் பரவாது, கூட இருந்து சாப்பிட்டாலும் பரவாது என்று அர்த்தமும் சொன்னார்.

அதை அவள் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, எழுந்து நின்றுகொண்டாள். கணவன் அதை முழுக்க நம்பினான். அவளுடைய டம்ளரை மட்டும் தனியே கவிழ்த்து வைத்தான்.

"தொத்தாதுங்க" என்று பத்தரிடமும் சொன்னாள்.

அவர் உலையை ஊதினார். புகைக்குள் மத்தியான வெயில் சாய்ந்து, பட்டறை முழுக்கத் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் மெல்ல அசைந்தது.

அந்தப் புகைக்குள்ளிருந்து பத்தரின் மனைவி சீதாலட்சுமி வந்தாள்.

"மக கல்யாணத்துல மெட்டியில்லாம நின்னா, மாப்பிள்ளை வீட்டுக்காரக சமையக்காரின்னு நெனச்சு ரசம் கேப்பாகக்கா. காலை இங்குட்டு நீட்டுங்க."

கீழே உட்கார்ந்து, அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் புழுதியைத் துடைத்தாள்.

கருவறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவள்போல் அம்மாக்கண்ணு கூசினாள். சிவனே, என்று வாய் முணுமுணுத்தது.

சீதாலட்சுமி மெட்டியை ஏற்றி, இரண்டு விரலால் நெருக்கினாள்.

"வலிக்குதாக்கா?"

டாக்டர் இன்னொரு சொல்லும் சொல்லியிருந்தார். அதை அம்மாக்கண்ணு யாரிடமும் சொன்னதில்லை. உணர்வற்ற கால்கள். அங்கே ஊசி குத்தினாலும் அவளுக்குத் தெரியாது.

"லேசா வலிக்குது தாயி" என்றாள்.

சீதாலட்சுமி பதறிப்போய் விரலை நீவிவிட ஆரம்பித்தாள்.

அம்மாக்கண்ணு இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுத்தால், அந்தக் கை அங்கே இருப்பது தெரியாமல் போய்விடும்.