மஞ்சள் விளக்கு வீடு

பதினாறு வீடுகள். பதினைந்து வாசல்களில் பச்சை விளக்கு. ஒன்றில் மட்டும் மஞ்சள்.

அந்த மஞ்சள்தான் 'சர்வே பொண்ணு'க்குத் தலைவலி. குடியிருப்பில் அவளுக்கு அதுதான் பெயர்.

கரண்ட் செலவு குறைந்தால் வாசல் விளக்கு பச்சை, கூடினால் மஞ்சள். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்திலேயே ஜனங்கள் சுவிட்சை அணைப்பார்கள் என்பது அவள் யோசனை. நாளைக்கு ஆபீசில் அறிக்கை கொடுக்க வேண்டும். பதினாறும் பச்சையானால் வேலை நிரந்தரம்.

சாயங்கால வெளிச்சம் மங்க மங்க, மாடி நடை முழுக்கப் பச்சை கசிந்தது. குளத்துக்கு அடியில் நடப்பது போலிருந்தது அவளுக்கு. கோடியில் அந்த மஞ்சள், தண்ணீரில் விழுந்த நிலா மாதிரி மிதந்தது.

"அந்த டெய்லரா? தனிக்கட்டை. அதுக்கு எதுக்கு இவ்வளவு கரண்ட்டு? பொறுப்பே கிடையாது" என்று காலையில்தான் சொல்லியிருந்தார் முதல் மாடி டீச்சர்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே வாஷிங் மெஷின் தாலாட்டு மாதிரி முனகியது. கொடி முழுக்கச் சின்னதும் பெரிதுமாக ஸ்கூல் யூனிபார்ம். டெய்லரக்கா ஓர் ஆண்பிள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சுவரோரம் ஏழு போன்கள் சார்ஜில்.

"அக்கா, வீட்டுல எத்தனை பேரு?"

"நான் ஒருத்திதான்."

"ஒருத்திக்கு ஏழு போனா?"

"அக்கா, இந்த வாரத் துணி!" என்று கூடையோடு உள்ளே நுழைந்தார் அதே டீச்சர். சர்வே பொண்ணைப் பார்த்ததும் கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கூடை பெரிது, டீச்சர் ஒல்லி.

"சும்மா... பேசிட்டுப் போலாம்னு..." வந்த வேகத்திலேயே திரும்பிவிட்டார்.

சர்வே பொண்ணு ஒரு போனைத் திருப்பிப் பார்த்தாள். முதுகில் வீட்டு நம்பர் ஒட்டியிருந்தது. அடுத்ததில் இன்னொரு நம்பர்.

பதினைந்து பச்சையும் இந்த ஒரு வீட்டில்தான் எரிந்துகொண்டிருந்தது.

பார்க்காத மாதிரி போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு அறிக்கையை எடுத்து, 'வெற்றி: பதினைந்து வீடுகள்' என்ற வரியைக் கோடு போட்டு அடித்தாள்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. விளக்கை எல்லாம் நாளைக்கே கழட்டச் சொல்லிடறேன். அப்புறம் ஒருத்தரும் வந்து உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

இஸ்திரிப்பெட்டி பாதிச் சட்டையில் நின்றது.

"ஐயோ, கழட்டிடாதம்மா. வேணும்னா எனக்குப் பொறுப்பில்லைன்னே எழுதிக்கோ. ஒன்பது வருஷமா இங்க இருக்கேன்... அந்த விளக்கு வந்த பிறகுதான் மனுஷங்க என் வாசலை மிதிக்கிறாங்க."