பன்னிரண்டில் ஒரு பங்கு

பெட்டியை மூர்த்தி அண்ணனின் மேசைமேல் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

உள்ளே இரண்டு பொம்மைகள். பட்டுச்சேலையில் நான். வேட்டி சட்டையில் லோகேஸ்வரன். இன்னும் மூன்று வாரத்தில் எங்கள் கல்யாணம். மண்டப வாசலில், வரவேற்பு மேசையில் நிற்க வேண்டியவர்கள்.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் என்னைவிட உயரமாக இருந்தார்.

நிஜத்தில் அவர் நூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டர். நான் நூற்று எழுபத்து நான்கு.

"பன்னெண்டுல ஒரு பங்கு, அதுதானே பேச்சு? அவரு பதிமூன்றரை. நான் பதினாலரை. இது என்னாண்ணே கணக்கு?"

மூர்த்தி அண்ணன் வேறொரு பொம்மைக்குப் புருவம் வரைந்துகொண்டிருந்தார். பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் அவருக்கு ஷிப்ட் வேலை. ஓய்வு நாளில், தெப்ராவில் இருக்கும் வீட்டின் பின்னறையில் இந்தப் பொம்மை வேலை. புருவத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

அளவுக்காகவே அவரைத் தேடிப் பிடித்தேன். என் வீட்டு அலமாரியில் நாற்பது ஆக்‌ஷன் ஃபிகர் பொம்மைகள் இருக்கின்றன. கம்பெனிக்காரர்கள் நெட்டையையும் குட்டையையும் ஒரே அச்சில் வார்த்து விற்கிறார்கள். நான் ஒவ்வொன்றின் நிஜ உயரத்தையும் தேடிப் படித்து, பன்னிரண்டால் வகுத்து, தொடையில் ஒட்டுப்போட்டோ கணுக்காலைத் தேய்த்தோ சரிசெய்துதான் நிறுத்துவேன்.

"அரை சென்டிமீட்டருக்கா இவ்ளோ சண்டை?" என்று லோகேஸ்வரன் சிரிப்பார்.

அந்த அரை சென்டிமீட்டர், மனிதனுக்கு ஆறு சென்டிமீட்டர்.

இதைச் செய்தது யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய அம்மா, காளியம்மா அத்தை.

குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். நிச்சயதார்த்தப் படத்தில் என்னை மட்டும் நாற்காலியில் உட்காரச் சொல்லி அனுப்பினார். கொண்டையைத் தாழ்த்திப் போடச் சொல்லி அனுப்பினார். எல்லாம் மகனிடம்தான். என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை இல்லை. நேரில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"அத்தை போன் பண்ணாங்களா?"

அவர் தூரிகையைத் தண்ணீரில் அலசினார்.

"மகனை உசரமாக்கச் சொன்னாங்க. நீங்களும் ரப்பர் மாதிரி இழுத்து வச்சிட்டீங்க. அப்படித்தானேண்ணே?"

"அளந்தீங்களாம்மா?"

அளக்கவில்லை.

ஒன்பது வருடமாக ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அளப்பதுதான் என் வேலை. ஒரு மூடி பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்புகிறவள். இதைக் கண்ணால் பார்த்ததே போதும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் கேலிப்பரை என் பக்கம் தள்ளினார்.

லோகேஸ்வரனை எடுத்து அளந்தேன். பதின்மூன்றரை.

மறுபடியும் அளந்தேன். பதின்மூன்றரைதான்.

லோகேஸ்வரனை மேசையில் வைத்தேன்.

பிறகு என்னை எடுத்து அளந்தேன்.

பதின்மூன்று புள்ளி இரண்டு.

சேலை மடிப்பைத் தூக்கிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, இரண்டு காலிலும் மயிரிழை போல ஒட்டிய தடம். நடுவில் ஒரு துண்டை அறுத்து எடுத்திருந்தது. சுத்தமான வேலை. என் உடம்பில் அது பதினைந்து சென்டிமீட்டருக்கும் மேல்.

"அவங்க சொன்னா என் காலை வெட்டிடுவீங்களா?"

"அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாதும்மா."

கைப்பேசியை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். பிறகு என் முன்னால் வைத்தார்.

லோகேஸ்வரனின் படம். அதன் பக்கத்தில் அவர் அனுப்பிய செய்தி.

"அண்ணே, என்னைய இருக்கிற மாதிரியே செய்ங்க. கூட்டுனா பார்க்கிறவங்க சிரிப்பாங்க. அவளை மட்டும் கொஞ்சம் இறக்கிடுங்க. சேலைக்குள்ள யாருக்கும் தெரியாது."

அதற்குக் கீழே இன்னொன்று.

"அவ கேட்டா எங்கம்மா சொன்னாங்கன்னு சொல்லிடுங்க. நம்பிடுவா."

படித்தேன். திரை அணைந்தது. மூர்த்தி அண்ணனே தட்டி எழுப்பிவிட்டார். திரும்பவும் படித்தேன்.

"பொய் சொல்ற வேலைய நான் ஒத்துக்கலமா," என்றார் மூர்த்தி அண்ணன்.

"வெட்டுற வேலைய மட்டும் ஒத்துக்கிட்டீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் பொம்மையை எடுத்து, அதன் கால்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ரெண்டு நாளில் பழையபடி வைத்துத் தருவதாக முணுமுணுத்தார்.

நான் வெளியே வந்து வண்டியின் மேல் சாய்ந்தேன். சாலையில் ஒரு தொழிற்சாலை பஸ் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அதன் பிறகும் வெகுநேரம் அப்படியே நின்றேன்.

காளியம்மா அத்தையின் எண் என் கைப்பேசியில் ஆறு மாதமாக இருக்கிறது. ஒருமுறைகூட அழைத்ததில்லை.

அழைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"அத்தை, நான் பிரேமலா பேசுறேன்."



"நீயாமா?" என்றார். "என்கூடப் பேசவே உனக்குப் பிடிக்கலன்னுல என் மகன் சொன்னான்."