நாலு வயது கூடுதலாக

தன் வயதில் தானே நாலு கூட்டிச் சொல்லும் நடிகையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

தையல்காரி பார்த்தாள். பார்த்ததோடு விடாமல் சண்டையும் போட்டாள்.

பகலெல்லாம் அவளுக்குத் தையல் மெஷின். கை ஒழிந்தால் போனில் இணையக் கலைக்களஞ்சியம். அங்கே அவள் பெயர் 'பொத்தான்'. அச்சில் வந்த ஆதாரம் இல்லாமல் யாராவது ஒரு வரி எழுதிவிட்டால் போதும், கோணல் தையலைப் பிரிப்பதுபோலப் பிரித்துப் போட்டுவிடுவாள்.

அளவுத் தாள் வெட்ட வாங்கிய பழைய பேப்பர் கட்டில் ஒரு சினிமாப் பத்திரிகை கிடைத்தது. எப்போதோ நடிப்பை விட்டுவிட்ட ஒரு நடிகையைப் பற்றி அவருடைய அம்மாவின் பேட்டி அதில் இருந்தது. மகள் பிறந்த வருடத்தை அம்மாவே சொல்லியிருந்தார். கலைக்களஞ்சியத்தில் நடிகையின் பக்கத்தில் இருந்த வருடத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டாள்.

மறுநாளே 'மூத்தவள்' என்ற பெயரில் யாரோ வந்து அதை நாலு வருடம் முந்தியதாக மாற்றினார்கள். இவள் திருத்தினாள். மறுபடியும் மாற்றினார்கள்.

"ஆதாரம்?" என்று எழுதினாள்.

"அந்த நடிகையே நான்தான்" என்று பதில் வந்தது. "எல்லாப் பேட்டியிலும் இதைத்தான் சொல்லியிருக்கேன்."

"அது நீங்க சொன்னது. இது பெத்த தாய் சொன்னது."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவன் சிரித்தான். "அவங்க பொறந்ததை அவங்க சொல்லக் கூடாதா?"

"பொறந்தப்ப அவங்களுக்கு என்ன விவரம் தெரியும்? அம்மாவுக்குத்தானே தெரியும்."

"வயசைக் குறைச்சாலாவது புரியும். கூட்டறதுல என்ன லாபம்?"

"அறுபத்தஞ்சு தாண்டின கலைஞர்களுக்கு விருது கொடுக்கப் போறாங்களாம். அதுக்குத்தான் அந்த நடிகையம்மா இந்தப் பாடு படறாங்க."

"அந்தப் பத்திரிகையை நான் கண்ணால பார்க்கணும்" என்று மூத்தவள் எழுதினார். "தாராளமா கடைக்கு வாங்க" என்று இவள் முகவரி கொடுத்தாள்.

மூன்று பேர் வந்தார்கள். நடிகைக்குத் தலையில் அங்கங்கே நரை. தங்கைக்கோ மொத்தமும் வெள்ளை. தங்கையின் கணவர் புதுப் போனைக் குத்திக்கொண்டே வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இந்த நிறம் எனக்கு எடுக்குமா?" என்று தங்கை ஒரு துணியைத் தோளில் போட்டுக் காட்டினாள்.

"எடுக்கும், எடுக்கும். உள்ளே போய்க் கண்ணாடியில பாரு."

தங்கை உள்ளே போனதும் நடிகை பத்திரிகையைப் பிரித்தார். அம்மாவின் படத்தை விரலால் ஒருமுறை தடவினார்.

"அம்மா சொன்னதுதான் சரி" என்றார்.

தையல்காரிக்குத் தலை நிமிர்ந்தது. "அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு சண்டை? விருதுக்கா?"

"விருதா?" நடிகை சிரித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ளே போனாளே, அவ எனக்குத் தங்கச்சி இல்லை. நாலு வயசு மூத்த அக்கா. மாப்பிள்ளையை விட ஒரு வயசு பெரியவ. தெரிஞ்சா அவரோட அம்மா கல்யாணத்தையே நிறுத்தியிருப்பாங்க. அதனால என் வருஷத்தை அவளுக்குக் கொடுத்துட்டு, அவ வருஷத்தை நான் எடுத்துக்கிட்டேன். அத்தான்னு கூப்பிட வேண்டிய மனுஷனை அன்னையிலேருந்து மாப்பிள்ளைன்னு கூப்பிடறேன்."

"சினிமாவுல இருந்துக்கிட்டா?"

"அதான் வேடிக்கை. முப்பது தாண்டறதுக்குள்ள அம்மா வேஷம் கொடுத்து உட்கார வெச்சுட்டாங்க. போகட்டும். கல்யாணத்துக்குக் கொடுத்ததை யாராவது திருப்பிக் கேப்பாங்களா?" வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். "இப்ப பாருங்க, போன் வாங்கினதிலேருந்து அவர் என் பக்கத்தையேதான் நோண்டிக்கிட்டிருக்கார். கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்? இந்த வயசுல அவ அவர் முன்னாடி தலை குனிஞ்சு நிக்கணுமா?"

தையல்காரி நூல்கண்டை உருட்டிக்கொண்டே யோசித்தாள்.

"பொய் வருஷத்தைப் போட எனக்குக் கை வராதும்மா."

நடிகையின் முகம் விழுந்தது.

"ஆனா உயிரோட இருக்கறவங்க கேட்டுக்கிட்டா பிறந்த வருஷத்தையே எடுத்துடலாம். அதுக்கு விதி இருக்கு. கேளுங்க."

"கேட்டேன்" என்றார் நடிகை உடனே.

பொத்தான் அங்கேயே வருடத்தைப் பிரித்து எடுத்தாள். நடிகை அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "வாடி போகலாம்" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"நீங்க முன்னாடி போங்க அண்ணி, மூக்குக்கண்ணாடியை எங்கேயோ வெச்சுட்டேன்" என்றார் வாசலில் இருந்தவர், வெகு மரியாதையாக.

கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. சகோதரிகள் இருவரும் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு உள்ளே வந்தார். மேஜைமேல் இருந்த பத்திரிகையைத் திருப்பி அட்டையைப் பார்த்தார்.

"இதே இதழ்தான். பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கு முடிவெட்டற கடையில கூட்டம். உட்கார்ந்து ஒரு வரி விடாம படிச்சேன். அங்கே போனா இதே வருஷத்தைப் பொண்ணோட வருஷம்னு சொன்னாங்க, மாத்திட்டாங்கன்னு அப்பவே புரிஞ்சுடுச்சு."

தையல்காரி கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்தாள்.

"அந்த வருஷம் இப்ப இணையப் பக்கத்துல வந்ததும் எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. எப்படி அழிக்கறதுன்னு தெரியாமத்தான் போனைக் குத்திக்கிட்டே இருந்தேன். நல்லவேளை, நீங்களே எடுத்துட்டீங்க." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"எனக்குத் தெரியும்னு மட்டும் என் கொழுந்தியாகிட்ட சொல்லிடாதீங்கம்மா."